சுழலாடியின் ஜோடி

என் தம்பிக்குப் புளுகன் என்று பேர் வைத்தது நான்தான். வாயைத் திறந்தால் பொய் வரும் என்பதற்காக இல்லை. சொல்கிற பொய்யை அவனே நம்பிவிடுவான், அதற்காக. அப்படிப்பட்டவனுக்குப் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை கிடைத்தது பொருத்தம்தான். வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குப் பொய்ப் பல் வார்ப்பான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் சலவைக்கடை மாடிக்கு வந்து எங்கள் மூன்று பேருக்கும் ஒரு பொய் உலகத்தையே வார்த்துக் கொடுப்பான்.

மூன்று பேர் என்றால் நான், என் வீட்டுக்காரர், பக்கத்துக் கட்டடத்தில் குடியிருக்கிற கணக்கு டீச்சர். விரிப்புகளை மடிக்கிற பெரிய மேசையைக் காலி செய்துவிட்டு உட்காருவோம். ஆட்டம் இதுதான்: ஆளுக்கொரு பாத்திரம், ஆளுக்கொரு பொம்மை. அந்த உலகத்தில் என்ன நடக்கிறது என்று புளுகன் சொல்வான். எங்கள் பாத்திரங்கள் என்ன செய்கின்றன என்று நாங்கள் சொல்வோம். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை முடிவு செய்யும். நான் கூலிக்கு வாள் வீசுகிறவள். டீச்சர் மந்திரக்காரி. என் வீட்டுக்காரர் பூட்டு உடைக்கிற திருடன். அவர் லைன்மேன், வாரம் முழுக்க மின்கம்பத்தில் ஏறி இறங்குகிற மனுஷன். ஏறாமல் பிழைக்கிற தொழில் ஏதாவது கொடு மாப்ள என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. அது டீச்சர் போட்ட சட்டம். பொம்மை கையில் இருந்தால் பேசுவது பாத்திரம். பொம்மையைக் கீழே வைத்துவிட்டுப் பேசினால் பேசுவது நாம். ஒருமுறை நான் பொம்மையைப் பிடித்துக்கொண்டே "டீ ஆறிப்போச்சு" என்று சொல்லித் தொலைத்தேன். டீச்சர் விடவில்லை. பனிமலை உச்சியில் என் வாள்காரிக்கு டீ எங்கிருந்து வந்தது என்று புளுகன் அரை மணி நேரம் கதை கட்ட வேண்டியதாயிற்று. செத்துப்போன பாத்திரத்தின் பொம்மையைப் படுக்க வைத்துவிடுவோம், அதைச் சொந்தக்காரர் தொடக் கூடாது. கடைசிச் சட்டம், ஒரு வார்த்தையைச் சொல்லி அதற்குப் பகடையும் உருட்டியாகிவிட்டால் சொன்னது சொன்னதுதான்.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புளுகன் துணியில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தான். புது சாமி என்றான். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை அங்கேதான் ஆரம்பித்தது.

சாமியின் பேர் சுழலாடி. புயலுக்கும் சாவுக்கும் நடனத்துக்கும் அவள் ஒருத்திதான் சாமி. பல் வார்க்கிற மாவில் செய்திருந்தான், எங்கள் பொம்மைகளைவிட ஒரு பிடி உயரம். பாவாடை சுழல்கிற சுழற்சியில் கால் தெரியவில்லை. முகம் இல்லை. முகம் செதுக்கச் செதுக்க மாவு உதிர்ந்துகொண்டே இருந்ததால் விட்டுவிட்டேன் என்றான். ஒரு கையை மட்டும் முன்னால் நீட்டியிருந்தாள், உள்ளங்கை மேலே பார்க்க, வா என்று கூப்பிடுகிற மாதிரி. நல்ல வேலைப்பாடு. எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேன்.

சுழலாடிக்குத் தனியாக ஆட வராது என்று புளுகன் சொன்னான். ஒவ்வொரு காற்றுக்கும், அதாவது ஒவ்வொரு புயலுக்கும், ஒரு ஜோடி வேண்டும், நடுவில் வந்து போகிற காற்றெல்லாம் ஒத்திகைதான். யாரைப் பிடிக்கிறதோ அவர் முன்னால் போய்க் கையை நீட்டுவாள். அழைப்பு முதலில் காலுக்குத்தான் தெரியும், தலைக்கு அப்புறம்தான் தெரியும். காற்று வீசுகிற வரைக்கும் அவளுடைய ஜோடியை எதுவும் தொடாது. மரம் விழுந்தால் தள்ளி விழும், இடி விழுந்தால் பக்கத்தில் விழும். புயல் நின்றால் ஆட்டம் முடிந்தது. முடிந்தபின் அவள் தனியாகத் திரும்பிப் போவதில்லை. தப்பிக்க ஒரே வழிதான் வைத்திருந்தான். அவள் கையைப் பிடிப்பதற்கு முன்னால் இன்னொருவர் தானாக முன்வந்து நான் வருகிறேன் என்று சொன்னால் ஏற்றுக்கொள்வாள். சொன்னவர் மட்டும்தான் அதைத் திரும்ப எடுக்க முடியும், அதுவும் காற்று நிற்பதற்குள். எடுத்தால் அவள் பழைய ஆளிடமே போவாள்.

அன்றைக்கு ஆட்டம் ஒரு பாழடைந்த கோட்டையில் நடந்தது. என் வீட்டுக்காரரின் திருடன் தொடக்கத்திலேயே கூரையிலிருந்து விழுந்து செத்தான். இங்கேயும் மேலேயிருந்து விழுவதுதானா என்று டீச்சர் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. லைன்மேன் பெண்டாட்டியிடம் சொல்கிற பேச்சா அது? ஆனால் அவர் கோபப்படாமல் தன் பொம்மையைப் படுக்க வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

பிறகு சுழலாடி என் வாள்காரியிடம் வந்தாள். புளுகன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, காற்று கோட்டைக்குள் நுழைவதையும் தூசி எழும்புவதையும் அவள் கை நீளுவதையும் சொன்னான். கீழே கடையில் மெஷின் துணியைப் பிழிந்துகொண்டிருந்தது. மாடித் தரை அதிர்ந்தது, மேசையில் பகடை தானாக நகர்ந்தது. அவன் சொல்கிற பொய்யில் மூழ்கி நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் என் வீட்டுக்காரர் பேசினார்.

"அவள விட்டுடு. அடுத்த காத்துக்கு நான் வர்றேன்."

செத்தவன் பேசக் கூடாது என்று புளுகன் சொல்லியிருக்க வேண்டும். அந்த வசனம் அவனுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது, யோசிக்காமல் பகடையை உருட்டிவிட்டான். விழுந்தது பெரிய எண். ஏற்றுக்கொண்டாள் என்றான். டீச்சர் மேசையைப் பார்த்தார், பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"பொம்ம படுத்திருக்கு. அப்ப இப்ப பேசினது யாரு?"

எல்லாரும் சிரித்தோம். நான் அவரைப் பிடித்து ஏசினேன். இத்தனை நாள் விளையாடுகிறார், பொம்மை கையில் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத் தெரியாதா? கம்பத்தில் எந்த ஒயரில் கரண்டு ஓடுகிறது என்றாவது பார்த்துத் தொடுகிறாரா? அவர் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனார்.

மறுநாள் காலையில் அவர் சவரம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடியில் முகம் அசையாமல் இருந்தது, கீழே வலது கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. என் புருஷனுக்கு ஆட வராது. எங்கள் கல்யாணத்தில் அவர் நண்பர்கள் எல்லாரும் ஆடினார்கள், மாப்பிள்ளை மட்டும் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் போய் ஒயர் சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பாட்டு ஓடுகிறது உள்ளே என்று கேட்டேன். தசை பிடிப்பு என்றார். இரண்டு நாளில் இடது காலும் சேர்ந்துகொண்டது. சாப்பிடும்போது, கடையில் எனக்கு விரிப்பு மடித்துக் கொடுக்கும்போது, தூங்கும்போதுகூட. போர்வைக்குள் இரண்டு பாதமும் மாறி மாறி எழும்பி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன்.

வார நடுவில் ஒரு சூறைக்காற்று அடித்தது. அன்று சாயங்காலம் அவரோடு வேலை செய்கிறவர் ஒருவர் துவைக்கப் போட்ட சீருடையை வாங்கக் கடைக்கு வந்தார். பட்டறைக் கூரையிலிருந்து தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு என் வீட்டுக்காரர் கழுத்துக்கு நேராக வந்ததாம். வந்தது வந்தபடியே வளைந்து அவரைச் சுற்றிக்கொண்டு போய்ச் சுவரில் சொருகிக்கொண்டதாம். அண்ணனுக்கு ஆயுசு கெட்டி என்று சிரித்துக்கொண்டே சொன்னார். காற்று வீசுகிற வரைக்கும் எதுவும் தொடாது. அதைச் சொன்னது என் தம்பியின் வாய்.

அன்றைக்கே பல் கூடத்துக்குப் போனேன். அலமாரி முழுக்க வெள்ளைத் தாடைகள். யார் யாருடையவோ சிரிப்பு, முகம் இல்லாமல். புளுகன் அரைக்கிற இயந்திரத்தை நிறுத்தினான். அவனைப் பார்த்ததுமே தெரிந்தது, அவனும் தூங்கவில்லை. அவளைப் பஸ்ஸில் வரும்போது நானாகத்தான் யோசித்தேன், வேறு எங்கேயும் இருந்து எடுக்கவில்லை என்று சத்தியம் செய்தான். அந்தக் கையைப் பற்றிக் கேட்டேன். இரண்டு கையையும் மடக்கித்தான் செய்தேன் அக்கா, அச்சைப் பிரித்தபோது ஒரு கை நீண்டிருந்தது, நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன் என்றான். நீ கதைவிடுகிறவன், இதையும் நம்பச் சொல்கிறாயா என்று கத்தினேன். இந்த ஒருமுறை அவன் பொய் சொல்லிக்கொண்டிருந்தால் அவனுக்கு ஒரு கோயிலே கட்டியிருப்பேன்.

பொம்மையை உடைத்துப் போடு என்றேன். மேசைக்கடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினான். அதில் வெறும் வெள்ளைத் தூள்தான் இருந்தது. மாமாவின் கால் ஆடுவதைக் கேள்விப்பட்ட அன்றே அரைத்துவிட்டானாம். அரைத்த பிறகு மாமாவைப் பார்க்கப் போனானாம், காலைப் பார்த்தானாம்.

"நிக்கல அக்கா. நான் கதைதான் சொன்னேன். அவ அதுக்குள்ள எப்பவோ நின்னுக்கிட்டு இருந்திருக்கா."

வழி இருந்தது, அதையும் அவனேதான் வைத்திருந்தான். சொன்னவர் திரும்ப எடுத்துக்கொண்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை உட்காருவோம், மாமா எடுத்துக்கொள்ளட்டும், பகடை உருட்டி முடித்துவிடலாம் என்றான். அவள் பழைய ஆளிடம் போனால் போகட்டும், என் வாள்காரிதானே? மாவுப் பொம்மை. தாராளமாகக் கொண்டு போகட்டும் என்று நினைத்தேன்.

புயல் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ரேடியோ எச்சரிக்கை சொன்னது, லைன்மேன்கள் எல்லாரையும் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வாசலில் உட்கார்ந்து அவர் பூட்ஸ் மாட்ட அரும்பாடு பட்டார். கால் நிற்காததால் கயிறு கட்ட முடியவில்லை. நான்தான் குனிந்து அவர் பாதத்தை என் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கட்டினேன். சொன்னதைத் திரும்ப எடுக்கிறேன் என்று இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள் என்றேன். வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர். முகத்தில் பயம் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மத்தியானத்துக்குள் வானம் இருட்டிவிட்டது. கரண்டு போயிற்று, மெஷின்கள் பாதித் துவைப்பில் நின்றன. தெருவில் போர்டுகள் பறந்தன. எதிர்ப்புற ஜன்னல் கண்ணாடி ஒன்று நொறுங்கிற்று. புளுகனும் டீச்சரும் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார்கள். மாடி மேசையில் டார்ச் விளக்கை நிமிர்த்தி வைத்தோம். டீச்சர் பகடையையும் பொம்மைகளையும் அவற்றின் இடத்தில் வைத்தார். என் வாள்காரி நின்றுகொண்டிருந்தாள், திருடன் படுத்துக் கிடந்தான். நேரில் இல்லாவிட்டாலும் குரல் அவருடையதாக இருந்தால் போதும், போனில் எடுத்துக்கொண்டாலும் செல்லும் என்று டீச்சர் தீர்ப்புச் சொன்னார்.

போன் கிடைக்கத் தலையால் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. கிடைத்தபோது முதலில் காற்றுதான் கேட்டது, அதற்குள்ளே அவர். ஆஸ்பத்திரிக்கும் எங்கள் பக்கத்துக்கும் வருகிற லைன் அறுந்திருக்கிறது என்றார். ஆட்கள் கம்பத்தடியில் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள், காற்று நின்றதும் இவர்தான் ஏற வேண்டும். பின்னணியில் வண்டியின் தகரத் தரையில் பூட்ஸ் தட்டுகிற சத்தம் கேட்டது. நிற்காமல், ஒரே தாளத்தில்.

"என்னங்க, ஒரே ஒரு வார்த்த. சொன்னத திருப்பி எடுத்துக்கறேன்னு சொல்லுங்க. எல்லாரும் இங்கதான் இருக்கோம். பொம்ம கீழ கிடந்தத கவனிக்காம பேசிட்டீங்க, அவ்வளவுதான்."

"கவனிச்சேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. கவனித்தால் ஏன் பேசினீர்கள் என்று கத்தினேன்.

"மாப்ள அவ கைய நீட்டுறான்னு சொன்னான் பாரு, அப்ப மேசைக்கு அடியில உன் கால் ஆடிச்சு. ரெண்டு காலும். நீ பாக்கல, நான் பாத்தேன். அவ வந்தது உன் பொம்மைக்கு இல்ல. ஆட்டத்துக்குள்ள இருந்து நான் சொன்னா ஆட்டத்துக்குள்ள இருக்கறவளத்தான விடுவா? அதான் பொம்மைய தொடாம சொன்னேன்."

ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். என் ஊமை எனக்காக இதைச் செய்து வைத்திருந்தது. இத்தனை நாளும் நான் அந்த மனுஷனை முட்டாள், மறதிக்காரர், சட்டம் தெரியாதவர் என்று ஏசிக்கொண்டிருந்தேன். திரும்ப எடுங்கள், என் சாவு எனக்கு, நீங்கள் யார் அதை வாங்கிக்கொள்ள என்று அழுதேன். எடுத்தால் அவள் உன்னிடம்தான் வருவாள் என்றார். அதைச் சொல்லிவிட்டு, மறந்துவிடப் போகிற மாதிரி அவசரமாக ஒன்று சொன்னார்.

"ட்ரையர் ப்ளக்க கழட்டி வை. கரண்டு வரும்போது வோல்டேஜ் ஏறிக்கிட்டு வரும்."

அதோடு லைன் போய்விட்டது.

நான் என் வாள்காரியைத் தள்ளி வைத்தேன். கையில் எதுவும் இல்லாமல், என் சொந்தக் குரலில், அவரை விட்டுவிடு நான் வருகிறேன் என்றேன். உருட்டு என்று தம்பியிடம் சொன்னேன். அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான், அக்காவுக்கு எப்படி உருட்டுவது? கன்னத்தில் ஒன்று வைத்தேன். உருட்டினான். ஒன்று விழுந்தது. அவர் கையை அவள் ஏற்கெனவே பிடித்துவிட்டாள், இனி இன்னொருவர் வர முடியாது என்று முணுமுணுத்தான். டீச்சர் எங்கள் மேசையில் ஒருநாளும் இரண்டாவது முறை உருட்ட விட்டவர் இல்லை. அவர்தான் பகடையை எடுத்து அவன் கையில் திணித்தார்.

"இன்னொரு தடவ உருட்டு."

ஒன்று. இன்னொரு தடவை. ஒன்று. டீச்சர் பிடுங்கித் தானே உருட்டினார், நான் உருட்டினேன். எத்தனை முறை என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் அந்த ஒற்றைப் புள்ளிதான் எங்களைப் பார்த்தது.

படியில் இறங்கித் தெருவுக்கு ஓடினேன். கம்பம் இருக்கிற இடம் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் என்பது தெரியும், பாலத்தை மூடிவிட்டார்கள் என்பதும் தெரியும். முனையில் விழுந்து கிடந்த மரம் வரைக்கும்தான் போக முடிந்தது. அங்கே நிற்கும்போது என் தலைமுடி முகத்திலிருந்து கீழே இறங்கிற்று. காற்று அடங்க ஆரம்பித்திருந்தது. ஸ்டேஷனரிக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கி வெளியே எட்டிப் பார்த்தார். அப்பாடா, நிற்கப் போகிறது, இனிமேல் கவலை இல்லை என்று யாரையோ கூப்பிட்டுச் சொன்னார்.

நான் வானத்தைப் பார்த்து நிற்காதே என்று கத்தினேன். வீசு, இன்னும் வீசு, கூரையெல்லாம் பிய்த்துக்கொண்டு போ, என் கடையைக் கொண்டு போ, நிற்காதே. ஊரே புயல் நிற்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஒருத்தி அதைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். சுழலாடி காதில் அது விழுந்திருந்தால் சிரித்திருப்பாள். கடைக்காரர் குடையோடு வந்து, கடைக்கு ஏதாவது சேதமா அம்மா என்று அன்பாகக் கேட்டார். டீச்சர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். புளுகன் மரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான்.

காற்று நின்றது. குறைந்து குறைந்து நின்றதுகூட இல்லை, ஒரு பாட்டு முடிகிற மாதிரி சட்டென்று நின்றது. ஒயர்களில் தொங்கிய நீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆட்கள் வெளியே வந்து உடைந்ததை எடுத்து ஓரமாக அடுக்கினார்கள். எவ்வளவு நேரம் போயிற்றோ, நான் அந்த மரத்தில் உட்கார்ந்தபடி பாலத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது ஏறுவார். இப்போது கொக்கியை மாட்டுவார். இப்போது அறுந்த முனையைப் பிடிப்பார். அவர் வேலை எனக்கு மனப்பாடம். ஏறாமல் இருந்துவிடுங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி இருட்டில் கிடக்கும்போது அந்த மனுஷன் கீழே உட்கார்ந்திருக்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

முதலில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் வந்தது, பிறகு பாலத்து விளக்குகள், பிறகு எங்கள் தெரு. எல்லா ஜன்னலிலும் ஒரே நேரத்தில் விளக்கு எரிந்தது. ஜனங்கள் ஓவென்று கத்தினார்கள். குழந்தைகள் குதித்தன. யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள், தெரு முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. கம்பத்தில் ஏறினவன் யாரோ நல்லா இருக்கட்டும் என்று கடைக்காரர் என்னிடம் சொன்னார்.

என் கையில் போன் அடித்தது. அவர் நம்பர் இல்லை. கைதட்டல் முடியட்டும் என்று நான் எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.